வட்டத்துக்குள் குணாளன்

தெருமுனையில் பேனரைக் கட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கிய குப்புராஜ் அண்ணாந்து ஒருமுறை பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். அப்புறம் மூவருமாக, சாமியானாவுக்கு அடியில் உட்கார்ந்திருந்த ரங்கசாமியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

பெண்டாட்டி செத்த வீட்டில் புருஷனை ஆளாளுக்குப் பார்க்கத்தான் செய்வார்கள். விடிந்ததிலிருந்து ரங்கசாமிக்கு அது பழகிப்போயிருந்தது. சமையல்கட்டில் அங்காளம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது விடிகாலை மணி நாலரை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய், வழியிலேயே போய்விட்டது என்று டாக்டர் சொல்லி, திரும்பி வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லோரும் அவர் அழுகிறாரா என்றுதான் பார்த்தார்கள். அவர் அழவில்லை. ஆனால் குப்புராஜ் பார்த்த பார்வை அந்தக் கணக்கில் சேராது. கூடப்பிறந்த அக்காவைப் பறிகொடுத்தவன் முகத்தில் துக்கத்தோடு ஒரு சங்கடமும் இருந்தது.

ரங்கசாமி முட்டியில் கையை ஊன்றி எழுந்து போய்ப் பார்த்தார்.

எட்டடி பேனர். நடுவில் அங்காளம்மாள் பச்சைப் புடவையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. பிறப்பு, இறப்பு, நாலு மணிக்கு எடுப்பது, எல்லாம் சரியாக இருந்தது. கீழே மூன்று வட்டங்கள். இடது பக்க வட்டத்தில் மகன் சசிகுமார். வலது பக்கத்தில் தம்பி குப்புராஜ். நடுவில் மற்ற இரண்டையும்விடப் பெரிய வட்டம், அதற்குக் கீழே ‘கணவர் ரங்கசாமி’ என்று கொட்டை எழுத்து. வட்டத்துக்குள் வெள்ளைச் சட்டையும் மெல்லிய மீசையுமாக உட்கார்ந்திருந்தது நடிகர் குணாளன்.

குணாளனை இப்போது இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. கதாநாயகனாக அவர் ஒரு படத்தில்கூட நடித்ததில்லை. கதாநாயகனுக்கு அண்ணன், தபால்காரர், லாரி டிரைவர், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் இடைவேளைக்கு முன்னால் செத்துப்போகும் நல்ல மனிதர். அதுதான் அவர் பிழைப்பு. இப்போது ஒரு சீரியலில் யாருக்கோ மாமனாராக வருகிறார். சுவரொட்டியில்கூட அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டதில்லை. முதன்முதலாக இத்தனை பெரிய வட்டம் இந்த ஆரம்பாக்கத்தில்தான் அவருக்கு வாய்த்திருந்தது.

சசிகுமார் ஓடி வந்தான். அழுது வீங்கிய முகம் வெளிறிப் போயிருந்தது.

“நைனா, நீ உள்ள போ. நான் பாத்துக்கறேன்.”

“இன்னாடா இது?”

“கடையில உன் போட்டோ கேட்டாங்க நைனா. என் போன்ல தேடனேன், ஒண்ணு கூட இல்ல. அம்மா வாட்சப் நம்பருக்கு நீங்க ரெண்டு பேரும் இருக்கற டிபிதான வச்சிருந்துச்சி, கல்யாண நாளுக்கு எடுத்தது. அதுலருந்து எடுத்துக்கோன்னு சொன்னேன். அத்த மாத்தி எப்ப இந்தாள வச்சிச்சின்னு எனக்கு இன்னா தெரியும்?”

“அடிக்கறதுக்கு மின்ன அனுப்பிச்சிருப்பாங்களே.”

“அனுப்பனாங்க. அம்மா மூஞ்சிய மட்டுந்தான் பாத்தேன். ஓகே போட்டுட்டேன்.”

அதற்கு மேல் பையனை என்ன கேட்பது. பேனர் கடையில் கம்ப்யூட்டரில் உட்காரும் பெண் சின்ன வயசு. மாநிறமாக, மீசை வைத்து, வெள்ளைச் சட்டை போட்ட நடுவயதுக்காரன் ஒருவனை ஒரு பெண்பிள்ளை தன் போனில் வைத்திருந்தால், அவன் அவளுடைய புருஷனாகத்தான் இருப்பான் என்று நினைத்திருக்கிறாள். நினைத்ததில் தப்பும் இல்லை.

“அவுத்துட்றேன் மாமா,” என்றான் குப்புராஜ். “வேற அடிக்கச் சொன்னா ஆறு மணி ஆவுமாம். பேனரே வோணாம்.”

ரங்கசாமி மேலே பார்த்தார். அங்காளம்மாள் அத்தனை பெரிதாக, அத்தனை நன்றாக எந்தப் படத்திலும் விழுந்ததில்லை. எளாவூரிலிருந்தும் சூளூர்ப்பேட்டையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குகிற நேரம். தெருமுனையில் அவள் முகத்தை இறக்குவது அவருக்கு என்னவோ போல் இருந்தது.

“வோணா. அவ நல்லா விழுந்துகிறா. இருக்கட்டும்.”

“ஊரு சிரிக்கும் மாமா.”

“சிரிக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஊர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டது, அதுதான் இன்னும் பேஜாராக இருந்தது. வந்தவர்கள் பேனருக்கு முன்னால் கைகூப்பி நின்றார்கள். அப்புறம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள். சாமியானாவுக்குள் வந்து ரங்கசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, வட்டத்தில் பார்த்த முகத்தை இந்த முகத்தில் தேடினார்கள். சூளூர்ப்பேட்டைப் பெரியவர் ஒருவர், வயசானதில் ஆளே மாறிவிட்டாய் ரங்கசாமி என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ரங்கசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் அந்த வட்டம் அவரைக் குத்திக்கொண்டே இருந்தது. அது இன்றைக்குப் புதிதாக வந்த குத்தலும் இல்லை. வயசு முப்பத்தொன்று அதற்கு.

கல்யாணமான மூன்றாவது மாதம் கும்மிடிப்பூண்டியில் மேட்னிக்குப் போனார்கள். திரும்பி வரும்போது ரயிலில் அவர் சும்மா கேட்டார், படத்தில் யார் நன்றாக இருந்தார்கள் என்று. கதாநாயகன் பேரைச் சொல்வாள், கொஞ்ச நேரம் சீண்டலாம் என்று நினைத்திருந்தார். “அந்த அண்ணனா வந்தாரே, அவுருதான்” என்றாள் அங்காளம்மாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த அண்ணனின் படம் பீரோ கதவுக்கு உள்பக்கம் ஏறியது. டி.வி.யில் குணாளன் வந்தால் கரண்டியோடு வந்து நிற்பாள். வேலைக்குப் போகிற கம்பெனி வேனில் அவளுக்குக் குணாளன் பொண்டாட்டி என்றே பேர். அதையும் அவளே வந்து சொல்லிச் சிரிப்பாள். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ரங்கசாமியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். “உன் ஆளு வந்துட்டாரு, வந்து பாரு” என்று அவரே கூப்பிடுவார்.

ஆனால் உள்ளுக்குள் அவருக்கு ஒரு கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. கதாநாயகனைப் பிடித்திருந்தால் அவருக்கு வருத்தமே இல்லை. சிவப்பாக, உயரமாக, பத்துப் பேரை அடிக்கிறவனை எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்காது. அது நிலாவைப் பிடிக்கிற மாதிரி, அதில் யாருக்கும் அவமானம் இல்லை. இந்த ஆள் அப்படியா? நிறம் இவர் நிறம்தான். உயரம் இவரைவிட ஒரு விரல்கடை கம்மியாகத்தான் இருப்பான். மூக்கு சப்பை. தொப்பை வேறு. இரும்பு ரோலிங் மில்லில் இவரோடு வேலை செய்தவர்களில் பத்துக் குணாளன்களைப் பொறுக்கி எடுக்கலாம். அப்படிப்பட்டவனிடம் இவள் எதையோ கண்டிருக்கிறாள். அவனிடம் இருக்கிற ஏதோ ஒன்று தன்னிடம் இல்லை. அது பணமும் இல்லை, அழகும் இல்லை. அப்படியானால் என்ன?

ஒருமுறை அந்த ஆள் மாதிரியே மீசையை மெல்லிசாக ஒதுக்கிப் பார்த்தார். அங்காளம்மாள் பார்த்துவிட்டு, மீசைக்கு என்ன ஆச்சு, பொறி பட்டுக் கருகிவிட்டதா என்று கேட்டாள். ஒரே வாரத்தில் பழையபடி வளர்த்துவிட்டார்.

விளையாட்டாக நூறு தடவை கேட்டிருப்பார், அவனிடம் என்ன கண்டாய் என்று. அவளும் விளையாட்டாக நூறு பதில் சொன்னாள். கண்ணு, முடி, நடை, உங்கள மாதிரி குறட்டை விட மாட்டாரு. ஒரு தடவையாவது வினையாகக் கேட்டிருக்கலாம். கேட்டால் பொறாமை என்று நினைத்துவிடுவாளோ என்று ஒரு கூச்சம். இப்போது ஐஸ் பெட்டிக்குள் மூக்கில் பஞ்சோடு படுத்திருக்கிறாள். நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள். என்னோடு வாழ்ந்ததில் இவளுக்கு என்ன குறை இருந்தது என்று தெரியாமலே கொள்ளி வைத்துவிட்டு வந்து, மிச்சக் காலத்தை எப்படி ஓட்டுவது?

தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அது வேன்காரிகள்தான். மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் கம்பெனியில் அங்காளம்மாளுக்குப் பதினாலு வருஷமாக முதல் ஷிப்டு. ஐந்து இருபதுக்கு ஆரம்பாக்கத்தில் வேன் ஏறினால் சிப்காட் போய்ச் சேர அரை மணி. போக அரை, வர அரை, தினம் ஒரு மணி நேரம் வேனில் நடிகர்கள் பற்றித்தான் பஞ்சாயத்து. மாமியார் பேச்சு, வீட்டுக் கஷ்டம் எதையும் வேனில் ஏற்றக்கூடாது என்று அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்ததாக அங்காளம்மாள் சொல்லியிருக்கிறாள். இரண்டு மணிக்கு ஷிப்டு முடியும். நேராக இங்கேதான் வருவார்கள்.

இரண்டரைக்கு வேன் வந்து தெருமுனையில் நின்றது. கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மூன்று பேர் இறங்கினார்கள். அங்காளம்மாளுக்குப் பக்கத்து சீட்டுக்காரி ரோசம்மாள், கிரேஸ், போன வருஷம் சேர்ந்த சுகிர்தா என்ற சின்னப் பெண். இறங்கியதும் பேனரைப் பார்த்தார்கள். சுகிர்தாவிடமிருந்து ‘களுக்’கென்று ஒரு சத்தம் வந்தது. கிரேஸ் அவள் கையைக் கிள்ளினாள். கிள்ளியவளுக்கும் தாங்கவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சாவுக்கு வந்த இடத்தில் தெருமுனையில் நின்று இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள், சிரித்தபடியே அழுதார்கள். ரோசம்மாள் மட்டும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காலையிலிருந்து ஒருவர்கூட வாய்விட்டுச் சிரிக்காத பேனருக்கு இரண்டு பேராவது சிரித்தார்களே என்று ரங்கசாமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உள்ளே போய் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு ரோசம்மாள் சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது. “உன் சீட்டுல இன்னிக்கி யாரையும் குந்த உடல அங்காளு. என் பைய வச்சிக்கினு வந்தேன்.”

அரை மணி நேரம் கழித்து மூன்று பேரும் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ரங்கசாமி சமையல்கட்டு வழியாகப் போய், பின்வாசல் படியில் உட்கார்ந்தார். மூவரும் எழுந்தார்கள்.

“குந்துங்கம்மா. ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கண்ணா,” என்றாள் ரோசம்மாள்.

பெண்டாட்டியின் பிணத்தை உள்ளே வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது. “அந்தக் குணாளன்கிட்ட இன்னாத்த கண்டா அவ?” என்று கடைசியில் கேட்டேவிட்டார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஐய, அது சும்மா டைம்பாஸுண்ணா,” என்றாள் கிரேஸ் அவசரமாக. “வேன்ல தூக்கம் வரக்கூடாதுல்ல, அதுக்குப் பேசறது. ஆளாளுக்கு ஒண்ணு வச்சிருக்கோம். எனக்குக் குரலு. பாக்க எப்படி இருந்தாலும் பரவால்ல, குரலு அடியிலருந்து வரணும். இதோ இவளுக்கு தாடி.”

“தாடி இல்லக்கா,” என்றாள் சுகிர்தா. துக்க வீடு என்ற நினைப்பையும் மீறி அவளுக்குப் பேச வந்துவிட்டது. “தாடி எவன் வேணா வளப்பான். என் ஆளு ஒரு பொண்ணு பின்னாடி போவமாட்டாரு, தொல்ல பண்ணமாட்டாரு. அவ வோணான்னா சரின்னுட்டு போய்ட்டே இருப்பாரு. அதான் அழகு.”

“ரோசம்மாக்காவுக்கு அழுவற ஹீரோ,” என்றாள் கிரேஸ்.

“ஆம்பள அழுதா மூஞ்சி சின்னப் புள்ள மூஞ்சி ஆயிடும்ணா. எல்லாருக்கும் ஆவாது. சில பேரு அழுவும்போதும் மீசைய பாத்துக்கினே அழுவான்.”

ரங்கசாமி மிஷின் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் மாதிரி ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துக் கேட்டார். தாடி, குரல், அழுகை. பெண்கள் இத்தனை நுணுக்கமாகப் பார்க்கிறார்கள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. தன்னையும் ஒருத்தி முப்பத்தொரு வருஷம் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அவளுக்கு?” என்றார்.

கிரேஸ் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, “உங்க ஜாட இருக்குதுண்ணா அவுருக்கு, அதான்” என்றாள்.

“என் ஊட்லயும் கண்ணாடி கீதும்மா.”

முன்பக்கம் மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள் போல, பறையைத் தீயில் காட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“சொல்லும்மா ரோசம்மா. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். தெரியணும் எனக்கு.”

ரோசம்மாள் டம்ளரைக் கல் மேல் வைத்தாள். “அவன் சோறு துன்றதுண்ணா.”

“இன்னா?”

“துன்றது. எல்லாப் படத்துலயும் அவனுக்கு ஒரு சீன் இருக்குமாம், துன்ற மாதிரி. அவ சொல்லித்தான் நாங்களே பாத்தோம். வேற நடிகருங்க துன்னா தட்டுல கைய வச்சிக்கினு டயலாக் பேசுவாங்க, சோறு உள்ளயே போவாது. இவன் நெஜமாவே துன்னுவான். ஒரு வாய் வச்சிக்கினு, வாய்ல சோறு இருக்கும்போதே, ஆக்கிப் போட்டவள நிமுந்து ஒரு தபா பாப்பான். அவ்ளோதான். ஒண்ணும் பேசமாட்டான். அத்த பாத்தாலே ஆக்கனவளுக்கு வவுறு ரொம்பிடும்டின்னு சொல்லுவா.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாண்ணா. கல்யாணம் ஆன புதுசுல பாத்தாளாம் மொதல்ல. லாரி ஓட்டிக்கினு வந்து, கை கழுவிக்கினு குந்துவானாம்.”

அந்தக் காட்சி ரங்கசாமிக்கு ஞாபகம் வரவில்லை. அந்த நேரம் முறுக்கு வாங்க வெளியே போயிருந்தாரோ என்னவோ.

அவர் சாப்பிட்டதை அங்காளம்மாள் எப்போது பார்த்தாள் என்று யோசித்தார். சசிகுமார் பிறந்த பிறகு வீட்டில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும் என்று ஆளுக்கொரு ஷிப்டாக வாங்கிக்கொண்டார்கள். முதலில் அவளுக்கு அரிசி மில், அப்புறம் மூடிக் கம்பெனி. அவள் வரும்போது இவர் போவார். இவர் வரும்போது அவள் தூங்குவாள். தட்டு போட்டு மூடி வைத்திருப்பாள். இவருக்கு மில்லுக்கு டப்பா கட்டிக் கொடுப்பாள். ஃபர்னஸ் பக்கத்தில் சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம்தான், நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்வார். அந்த வேகம் கையோடு ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்தாலும் டி.வி.யைப் பார்த்தபடி ஐந்து நிமிஷத்தில் தட்டு காலி. மில்லை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. குடோனில் வாட்ச்மேன் வேலை, யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஆனாலும் அதே வேகம்.

“என்னப் பத்தி எதுனா சொல்லுவாளா?”

“சொல்லுவா. நல்லவருன்னுதான் சொல்லுவா.” ரோசம்மாள் நிறுத்தினாள். கிரேஸ் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டியதை ரங்கசாமி கவனித்தார். ரோசம்மாள் அதை மதிக்கவில்லை. “டிபன் பாக்ஸ கழுவிட்றாருடி, அதான் ஒண்ணும் தெரிய மாட்டுதுன்னு சொல்லுவா.”

“இன்னா தெரில?”

“துன்னீங்களா கொட்டிட்டீங்களான்னு. புடிச்சி துன்னீங்களா, பசிக்குத் துன்னீங்களான்னு. எங்க ஊட்டுக்காரரு இருந்தவரைக்கும் கழுவாம அப்டியே காயவுட்டு கொண்டாருவாரு. தொறந்தா தெரிஞ்சிடும், இன்னிக்கி வெண்டக்காய ஒதுக்கிட்டாரு, நேத்து கொழம்ப வழிச்சி துன்னுகிறாருன்னு. உங்க பாக்ஸு கடையில வாங்கனாப்ல இருக்கும்னு சொல்லுவா.”

ஷிப்டு முடிந்து சைரன் ஊதியதும் எல்லோரும் சைக்கிளுக்கு ஓடும்போது, ரங்கசாமி மட்டும் குழாயடியில் நின்று, மண்ணைப் போட்டு, நார் போட்டு டப்பாவைத் தேய்ப்பார். அவளும் வேலை செய்துவிட்டு வருகிறாள், வந்து இதையும் தேய்க்க வேண்டாம் என்று. ஒருநாள்கூட மறந்ததில்லை. கூட வேலை செய்தவர்கள் பெண்டாட்டிதாசன் என்று கேலி செய்வார்கள், அதில் அவருக்கு ரகசியமாகப் பெருமை. பெண்டாட்டிக்கு நாம் செய்தது என்ன என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

“தெனமும் துன்னேம்மா,” என்றார். “ஒருநா கூட கொட்டனதில்ல.”

“அத்த அவகிட்ட சொன்னீங்களாண்ணா?”

ரோசம்மாள் அதைக் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். ரங்கசாமிக்கு வெட்கமாக இருந்தது. இது ஒரு பெரிய விஷயமா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை, தலையைத் தூக்கி ஒரு பார்வை. நடிகனாவது காசு வாங்கிக்கொண்டு செய்தான்.

அப்போது சமையல்கட்டிலிருந்து ரங்கசாமியின் அக்கா மணியம்மாள் இரண்டு கையிலும் பாத்திரங்களோடு வந்தாள். சாவு விழுந்தபோது வீட்டில் இருந்த சோற்றையும் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும் என்பது முறை. காலையில் இருந்த களேபரத்தில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. எடுப்பதற்கு முன்னாலாவது கொட்டிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறாள். ஒரு கையில் குழம்புச் சட்டி, கரண்டி அதிலேயே கிடந்தது. இன்னொரு கையில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு டப்பா. ஒன்று அங்காளம்மாள் வேனில் எடுத்துப் போவதற்கு, இன்னொன்று குடோனுக்கு ரங்கசாமி எடுத்துப் போவதற்கு. இரண்டையும் மூடிய பிறகுதான் அவள் விழுந்திருக்கிறாள்.

“கொஞ்சம் நவுரு தம்பி. கொல்லையில கொட்டிட்டு வந்துட்றேன்.”

“அத்த குடுக்கா.”

“எத்த?”

“என் டப்பாவ.”

மணியம்மாள் புரியாமல் கொடுத்தாள். ரங்கசாமி வாங்கி மூடியைத் திறந்தார். சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்து, மேலே இரண்டு துண்டு கருவாடு வைத்திருந்தாள். கத்திரிக்காய் காம்போடு கிடந்தது. அவர் கையைப் போட்டுப் பிசைந்தார்.

“டேய், இன்னாடா பண்ற?” மணியம்மாள் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “உள்ள பொணம் கீதுடா. புருசங்காரன் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. நாலு பேரு பாத்தா இன்னா சொல்லுவாங்க?”

அவர் ஒரு வாய் வைத்தார். பழக்கதோஷம், கை தானாக அடுத்த கவளத்துக்குப் போனது. இரண்டு, மூன்று என்று ஃபர்னஸ் பக்கத்தில் நின்று தின்கிற மாதிரி உள்ளே தள்ளினார். பிறகு கையை நிறுத்தினார். வாயில் இருந்ததை மென்றார்.

கருவாட்டை வறுத்துத்தான் குழம்பில் போட்டிருக்கிறாள். முழுப் பூண்டு, அழுத்தினால் கரைகிறது. மாங்காய்க் கீற்று ஒன்று. புளி கொஞ்சம் தூக்கல், அது அவருக்குப் பிடிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? அவர் சொன்னதே இல்லையே. எந்த நாளில், எந்த டப்பாவை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்தாள்?

மேளம் முழுவீச்சில் தொடங்கிவிட்டது. உள்ளே பெண்கள் புடவை மாற்றி, பூ வைத்து, மஞ்சள் பூசுவதற்காக ஐஸ் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ரங்கசாமி இன்னொரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, மெல்லுவதற்கு முன்னால், கன்னம் உப்பியபடியே தலையை நிமிர்த்தினார்.

எதிரில் நீலக் கோட்டு போட்ட மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். சுகிர்தா திரும்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். கிரேஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோசம்மாள் மணியம்மாளின் கையிலிருந்த குழம்புச் சட்டியை வாங்கி, கரண்டியால் அடியைக் கிண்டி, ஒரு கரண்டி எடுத்து அவர் டப்பாவில் ஊற்றினாள்.

அவர் போதும் என்று கையைக் காட்டவில்லை. பிசைந்து சாப்பிட்டார். மெதுவாகத்தான் சாப்பிட்டார்.

குப்புராஜ் சமையல்கட்டு வாசல் வரைக்கும் வந்து, “மாமா, டைம் ஆயிடுச்சி, அக்காவுக்குப் பொட்டு வெக்கக் கூப்புட்றாங்க” என்றான். படியில் அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான்.

டப்பாவின் மூலையில் இருந்த கடைசிக் குழம்பை விரலால் வழித்து வாயில் வைத்தார் ரங்கசாமி. மணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“குடு. கழுவி வெக்கறேன்.”

“வோணாக்கா.”

கத்திரிக்காய்க் காம்பும் கருவாட்டு முள்ளும் நாலைந்து பருக்கையும் ஒட்டியிருந்த டப்பாவை, மூடாமல், துணி துவைக்கிற கல் மேல் வைத்தார். முட்டியில் கையை ஊன்றி எழுந்து உள்ளே போனார்.